கை கொடுக்காத டீச்சர்

வுப்பர்டால், ஜெர்மனி, 1968

மார்ச் 4, திங்கள்
தூறல். கோட் இன்னும் ஈரம். குழந்தைகள் வார்டில் மறுபடியும் ரத்தபேதி, எல்லாம் அதே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். சின்ன ஊர்சுலாவுக்கு ஜுரத்தில் வலிப்பே வந்துவிட்டது. அவள் அம்மா என் கையை விடவில்லை. சீஃப் டாக்டர், பள்ளியில் கொடுக்கும் பால்மேல் பழி போடுகிறார். நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.
வாங்க: அரிசி, பல்பு, தபால்தலை.

மார்ச் 5, செவ்வாய்
காலை மணி அடிக்கும் முன்பே பள்ளி வாசலில் நின்றேன். டீச்சர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். மரியாதையாம். கழிவறையில் சோப்பு இல்லை!
பால் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். ஆனால் ஃபிராவ் (நம் ஊர் திருமதி) கெஸ்லர் என்ற டீச்சரின் வகுப்பில் மட்டும் யாருக்கும் நோய் இல்லை. அவர்தான் வாசலில் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தலை மட்டும் அசைத்தவர். ஏன் என்று கேட்டேன். தயங்கிக் கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி.
"யாராவது பிடித்தால் வலிக்கிறது, டாக்டர். திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள்."
வீட்டில் இவரிடம் சொன்னேன். (சர்ஜன் புருஷனால் ஒரு லாபம்.)
"தசைநாண் உறையில வளர்ற கட்டியா இருக்கும். ரொம்ப ரேர்."
"கேன்சரா?"
"பெரும்பாலும் இல்ல. ஆனா மிச்சம் வச்சா திரும்ப வரும். விரல் மடங்காமப் போயிடவும் கூடாது. சாக்பீஸ் பிடிக்கிற கை, பாரு."

மார்ச் 7, வியாழன்
நோய் பரவுவது பாலால் இல்லை, கழுவாத கையைக் குலுக்குவதால் என்று சீஃபிடம் சொன்னேன். சிரித்தார். "கை கொடுக்காவிட்டால் பிள்ளைகள் காட்டுமிராண்டி ஆகிவிடுவார்கள்."
ஊர்சுலாவின் கட்டிலைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. உடனே பள்ளிக்குப் போன் போட்டார். கை குலுக்கல் நிறுத்தம், குழாய்தோறும் சோப்பு. கை குலுக்கலுக்குப் பதிலாக என்ன செய்வது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். போய் வணக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வியாழன்
வெயில்! புதிதாக யாரும் அட்மிட் ஆகவில்லை. ஊர்சுலா வீட்டுக்குப் போனாள், இரண்டு கையும் கூப்பி. ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சீஃப்: "நம் மதராஸ் டாக்டர் கண்டுபிடித்தார்." நம்! பெருமை தாங்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?
ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்
கெஸ்லருக்குத் தையல் பிரித்தாயிற்று. இவர் கட்டியை முழுசாக எடுத்திருக்கிறார், விரல் அழகாக மடங்குகிறது. கேன்சர் இல்லை. இவரைப் பார்த்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை, தலைக்கனம் வரும்.
கெஸ்லர் வார்டுக்கே வந்து என்னிடம் கையை நீட்டினார். "பயப்படாமல் பிடியுங்கள், டாக்டர்."
கெட்டியாகப் பிடித்தேன். வலிக்கவில்லையாம். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.
பிறகு இருவரும் குழாயடிக்குப் போய் சோப்பு போட்டுக் கை கழுவினோம்.