மூடிமேல் நெருப்பு

ஜூலை 5, சனி

இன்று காலை எங்கள் குடும்ப வரலாற்றில் குறிப்பிடத்தக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது: இனி இந்த வீட்டில் கூரைக்குக் கீழே கடுகு வெடிக்காது. நான் முன்மொழிந்தேன். என் மனைவி வாசுகி குளியலறையில் வாந்தி எடுத்தபடியே வழிமொழிந்தாள். எதிர்த்து வாக்களிக்க ஆள் இல்லை.

முந்தாநாள், வியாழக்கிழமை, அவளுக்கு இரண்டாவது கீமோ. முதல் தடவை முடி போயிற்று. இந்தத் தடவை மூக்கு வந்திருக்கிறது. வெங்காயம் வதங்குவது, குக்கர் ஆவி, பக்கத்து வீட்டு நெத்திலி, எதுவானாலும் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி விரட்டுகிறது. மொத்தம் ஆறு தடவை மருந்து ஏற வேண்டும். அடுத்தது 24ஆம் தேதி. எடை நாற்பது கிலோவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். போனால் உடம்பு மருந்தைத் தாங்காது. இப்போது நாற்பத்திரண்டு.

ஆகவே சமையல் வெளியே போகிறது. மாசாயில் இந்த மூலை வீட்டை வாங்கியபோது பக்கவாட்டில் ஒரு துண்டு புல்தரையும் சேர்ந்து வந்தது. அது எதற்கு என்று இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நவ்சாத் வந்தான். பாசிர் கூடாங் ரசாயனக் கிடங்கில் என்னோடு வேலை செய்பவன். விடுமுறை கிடைத்தால் கூடாரம் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான். காட்டில் சமைக்கும் வார்ப்பிரும்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து புல்லில் வைத்தான். மூன்று குட்டைக்கால். விளிம்பு வைத்த கனத்த மூடி. பெயர் டச் அவன், அதாவது டச்சு அடுப்பு. டச்சுக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேல் மலாக்காவை ஆண்டார்கள். இதை விட்டுவிட்டுப் போனதாகத் தகவல் இல்லை.

"அண்ணே, கீழயும் நெருப்பு, மூடி மேலயும் நெருப்பு. கீழ கொஞ்சமா, மேல நெறையா. மாத்திப் போட்டீங்க, அடி கரிஞ்சிரும்."

"தம் பிரியாணி மாதிரியா?"

"அதேதான்லா. எங்க அத்தா கல்யாண வீட்ல போட்டா அது தேக்சா. வெள்ளக்காரன் போட்டா டச் அவன், வெல மூணு மடங்கு."

கிடங்கில் நான் பாதுகாப்பு அதிகாரி. எங்கும் நெருப்பு பற்றாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம். இப்போது நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் நெருப்பு மூட்டுகிறேன். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்து நவ்சாத் சிரித்தான்.

ஜூலை 7, திங்கள்

முதல் சமையலாகக் கோழி என்று திட்டமிட்டிருந்தேன். கோழி சமையலறைத் தொட்டியைத் தாண்டவில்லை.

பேச்சியக்கா மறித்துவிட்டார். வாசுகிக்கு மூத்தவர், பெயர் பேச்சியம்மாள். தங்கையைப் பார்த்துக்கொள்ள ரெங்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூடப் போகிறார்.

"கோழியா? அவளுக்குப் பத்தியம்ல?"

"யாருக்கா சொன்னா?"

"டாக்டருதான். வியாழக்கெழம நீங்க காடி நிறுத்த எடம் தேடிச் சுத்திக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப. நான்தான் கேட்டேன் தம்பி. 'டாக்டர், ஆயாம் போலே மாக்கான்?'னு. 'ஜாங்ஙான்'னாரு. 'பந்தாங்'னாரு. என் காதால கேட்டேன்."

கோழி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். ஜாங்ஙான், வேண்டாம். பந்தாங், பத்தியம். சந்தேகத்துக்கு இடமில்லாத மலாய்.

மருத்துவம் படித்து, அதற்கு மேல் புற்றுநோய் படித்த ஒரு மனிதர் கடைசியில் வந்து சேர்ந்திருக்கும் இடம், தோட்டத்து லய வீடுகளில் பத்தியம் சொன்ன மருத்துவச்சி நின்ற அதே இடம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. உடனே நவ்சாத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

டாக்டர் தடுத்தது கோழியை. முட்டை, மீன், தேங்காய், எண்ணெய், கத்தரிக்காய் ஆகியவற்றை அக்கா தம் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார்.

வாசுகியிடம் கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று.

"டாக்டர் சொன்னத மீறித் தின்னு, நாளைக்கு மருந்து கேக்காமப் போனா? நாக்கு அடங்கலன்னுதான பேசுவாங்க. ஆறும் முடியட்டுங்க. அப்பறம் பாப்போம்."

ஜூலை 9, புதன்

டச் அவனில் கஞ்சி வைத்தேன். கப்பல் ஏறிக் குளத்தைக் கடந்த மாதிரி இருந்தது. மூடியைத் தூக்கும்போது சாம்பல் கொஞ்சம் உள்ளே விழுந்தது. மேலாக வழித்துப் போட்டுவிட்டு, மிளகு என்றேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். அரைக் கிண்ணம் குடித்தாள். வாந்தி இல்லை.

ஜூலை 10, வியாழன்

மழை. காஸ் அடுப்பில் கஞ்சி, ஜன்னல்களைத் திறந்துவைத்து. வாந்தி.

ஜூலை 12, சனி

விறகுப் புகை அவளை ஒன்றும் செய்வதில்லை. நவ்சாத் விட்டுப்போன மடக்கு நாற்காலியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விறகு, ரெங்கத்துப் பக்கம் மறுநடவுக்காக வெட்டிப் போட்ட ரப்பர் மரம். அக்காவின் மகன் லாரியில் கொண்டுவந்து இறக்கியது. சீராக எரிகிறது.

பரங்கிக்காயைத் தோலோடு வைத்து, மேலே கனல் அள்ளிப்போட்டு வேகவிட்டேன். எண்ணெய் இல்லை, உப்பு மட்டும். இனித்தது. இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். பிறகு, "பரங்கிக்கா எவ்ளோதான் நல்லாருந்தாலும் பரங்கிக்காதான்" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

வீட்டுத் தராசில் நாற்பத்தொன்று. தராசு தரையில் சரியாக உட்காரவில்லை என்று நகர்த்திவைத்துப் பார்த்தோம். நாற்பத்தொன்றுக்குக் கொஞ்சம் கீழே. பழைய இடத்திலேயே வைத்துவிட்டோம்.

நவ்சாத் போனில் கேட்டான்: "டாக்டரா அண்ணே? பந்தாங்னா சொன்னாரு? நல்லா வெசாரிச்சீங்களா?"

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பதிவுக் குரல் என்னை மிகவும் மதித்தது. பிறகு இசை. பிறகு துண்டித்துவிட்டார்கள். மறுபடி அழைக்கவில்லை. டாக்டர் மருத்துவச்சியான கதையை அதற்குள் நாலு பேருக்குச் சொல்லியிருந்தேன். நன்றாகவே எடுபட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற அக்கா சட்டியைக் கேட்டார். கொடுத்தேன். இதுவரை அந்தச் சட்டி பார்த்தது எல்லாம் கஞ்சி, கூழ், பரங்கிக்காய். அதன் மூன்று காலுக்கும் நடக்கத் தெரிந்திருந்தால் நவ்சாத்திடம் திரும்பிப் போயிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

மாலை வாசுகி கேட்டாள்: "இன்னிக்கிக் கோழி போடுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் திங்கலக்கா. மோந்து பாக்குறேன். மோந்து பாக்குறதுக்குமா பந்தாங்?"

அக்கா யோசித்தார். "மோந்தா ஒண்ணும் ஆவாது" என்று அனுமதி வழங்கினார்.

முழுக்கோழி. மஞ்சள், மிளகு, பூண்டு, உப்பு. அடியில் வெங்காயத்தைப் பரப்பி அதன்மேல் கோழியை உட்காரவைத்து மூடினேன். கீழே கொஞ்சம் கனல், மேலே நிறைய. அவ்வப்போது சட்டியை ஒரு பக்கமும் மூடியை மறுபக்கமும் திருப்பினேன். நவ்சாத் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. மூடியைத் திறந்ததும் வாசுகி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுபோனாள். குமட்டவில்லை. ஆவி அடங்கும்வரை அப்படியே இருந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பாக்குறேன்."

"பசிக்குதா?"

"நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். அவள் பார்த்தாள். தொடையைத் திருப்பி வைக்கச் சொன்னாள், தோல் பக்கம் தெரிகிற மாதிரி. தோல் முறுகலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் சாப்பிட்டதிலேயே நல்ல கோழி. பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா மிச்சத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் அவள் முன்னால் சாப்பிட முடியவில்லை போலிருக்கிறது.

வாசுகி பரங்கிக்காய் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஆஸ்பத்திரி. இந்த முறை காடியை வீட்டில் விட்டுவிட்டு வாடகைக் காரில் போனோம். நானும் உள்ளே போனேன்.

எடை முப்பத்தெட்டரை. ரத்தத்திலும் என்னென்னவோ குறைந்திருக்கிறது. டாக்டர் சின்ன வயசுக்காரர், மலாய்க்காரர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்ன சாப்பிடுகிறாள் என்று மலாயில் கேட்டார். கஞ்சி, பரங்கிக்காய் என்றேன். வேறு? வேறு ஒன்றும் இல்லை, நீங்கள்தானே பந்தாங் சொன்னீர்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்துத்தான், மெதுவாக, சொன்னார்: "சாயா சாக்காப், ஜாங்ஙான் பந்தாங், காக்."

பத்தியம் இருக்காதீர்கள் என்றுதான் சொன்னேன், அக்கா.

இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னால் 'பத்தியம் இருக்காதே'. நடுவில் மூச்சு விட்டால் 'வேண்டாம், பத்தியம்'. டாக்டர் மூச்சு விடவில்லை. அக்காவின் காது விட்டிருக்கிறது. வயிற்றைப் புரட்டிப்போடுகிற இந்த மருந்துக்கு நடுவே, மூன்று வாரப் பத்தியம், ஒரு காற்புள்ளிக்காக.

மருந்து இன்று இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். கோழி, முட்டை, மீன், எல்லாம் சாப்பிடட்டும். அதற்குள் ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம் என்றார்.

திரும்பும்போது காரில் அக்கா, "அவரு வேகமாப் பேசிட்டாரு தம்பி. நான் மலாய் பள்ளிக்கூடம் போனதில்லியே" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாசுகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுக்கா. பசிச்சிச்சு. அவ்ளோதான்."

ஜூலை 24, மறுபடி

பசிச்சிச்சாம். நான் கேட்டேனே — அன்னிக்கு, கோழிய வச்சிக்கிட்டு, பசிக்குதான்னு கேட்டேனே. கேட்டுட்டுப் பாதிக் கோழியத் தின்னேன். இன்னொரு தடவ போன் போட எனக்கு என்ன வலிச்சிச்சு? பாட்டுதான போட்டான். பாட்டு முடியற வரைக்கும் நிக்கத் தெரியாதா எனக்கு?

ஜூலை 25, வெள்ளி

கோழி. அக்கா தானே உரித்து, தானே மசாலா தடவி, தானே சட்டியில் வைத்தார். எண்ணெயும் விட்டார், தேவைக்கு மேலேயே. கனலை மட்டும் என்னைப் போடச் சொன்னார்.

வாசுகிக்கு முதல் துண்டை அக்கா ஊட்டிவிட்டார். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்க நேரமாயிற்று.

"எப்படிடி இருக்கு?"

"அன்னிக்கு வாசனை இத விட நல்லாருந்துச்சு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

மூன்று துண்டு. வாந்தி இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

முட்டை இரண்டு. மீன் வேண்டாம் என்றாள். வயிறு சுருங்கிவிட்டதோ என்னவோ, ஆசை இருக்கிறது, இடம் இல்லை. நவ்சாத் ஆட்டுக்கால் கொண்டுவந்து, நாள் முழுக்க நெருப்புப் பக்கத்திலேயே இருந்து சூப் வைத்தான். பந்தாங் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே சந்தேகப்பட்ட அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 31, வியாழன்

ஸ்கேன் எடுத்தார்கள். திரும்பி வந்து கோழித்தொடையில் பாதி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காய்ச்சல். சட்டியைத் திறக்கவில்லை. கஞ்சி கேட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எடை முப்பத்தொன்பது. ஏறியிருக்கிறது என்று அக்கா நர்ஸிடம் இரண்டு முறை சொன்னார்.

ஸ்கேனில் ஈரலிலும் கட்டி தெரிகிறதாம். டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி நிறுத்தி, அக்காவுக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். மூன்றாவது கீமோ இல்லை. வாசுகியின் பெயரைப் பின்கட்டடத்தில் வேறொரு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் அங்கே போக வேண்டும். வலிக்கு மட்டும் மருந்து தருவார்கள்.

அந்தப் பிரிவில் எடை பார்ப்பதில்லை.