ஒருத்தி மட்டும் திரும்ப வேண்டிய பேர்

விழிதியூர்
9.2.2026

அன்பு மகள் புன்னைமலருக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் உன் அப்பாவும், முழங்கால் நீங்கலாக, மற்றபடி சுகம். நீயும் அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சோறு தின்று நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று தன் நெற்றியை மட்டும் உனக்குக் காட்டிக்கொண்டிருப்பார். இது அவர் காதில் விழக்கூடாத சமாச்சாரம். அறுப்பு மிஷின் இன்றுதான் நம் முறைக்கு வந்திருக்கிறது, அவர் வயலில் நிற்கிறார். மூன்று மணிக்கு உன் சித்தப்பா மகன் செம்பியன் காரைக்காலுக்குப் போகிறான். அதற்குள் எழுதி அவனிடம் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவான். மடித்து ஒட்டித்தான் கொடுப்பேன், அவனையும் நம்புவதற்கில்லை.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்தியை நான்கு தடவை படித்தேன். குடியுரிமை விண்ணப்பத்தில் பேரைப் பிரெஞ்சுப் பேராக மாற்றிக்கொள்ள ஒரு கட்டம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும், புன்னைமலர் என்பது அங்கே யார் வாயிலும் நுழையவில்லை, பல் டாக்டரிடம் போனால் கூப்பிடுகிற பெண் மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகிறாள், அதனால் மிலா என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, இந்தப் பேரை நம் ஊரைத் தாண்டி நான் எங்குமே கேட்டதில்லை, எங்கே பிடித்தீர்கள், அப்பா சொல்கிற கல்வெட்டு நிஜமா என்றும் கேட்டிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை கண்ணு, பயம். முப்பத்தோரு வருஷமாக மூடி வைத்த பானையை நீ நேராக வந்து தட்டிவிட்டாய்.

கல்வெட்டும் இல்லை, கருங்கல்லும் இல்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் போலகத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள், திரிபுரசுந்தரி என்று பேர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுக்கு அன்றைக்கு நாலாவது பிள்ளை, நாலாவதும் பையன். முதல் பிள்ளைக்கு முன்னாலிருந்தே பெண் பிறந்தால் வைக்க ஒரு பேரைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். மாரியம்மன், கொப்புடையம்மன் என்றெல்லாம் தேடிப்போகவில்லை, அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு புன்னை மரம் உண்டாம், அது பூத்திருந்த சமயம் கல்யாணமாகி வந்தவளாம், அவ்வளவுதான். அவள் ஊரில் ராஜம் நாலு பேர், செல்வி ஒன்பது பேர். "யாரைக் கூப்பிட்டாலும் வேற யாராச்சும் திரும்புதுங்க. எம்பொண்ணு பேரைத் தெருவுல நின்னு கூப்பிட்டா அவ ஒருத்தி மட்டும் திரும்பணும்" என்றாள். நாலாவதும் பையனாகி, கருத்தடை ஆபரேஷனும் முடிந்த மறுநாள், நீ என் பக்கத்தில் கை காலை உதறிக்கொண்டு கிடந்தாய். ரொம்ப நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இனிமே ஒதவாதுங்க. நீங்க வச்சுக்குங்க" என்று, ஒரு பாத்திரத்தைத் தூக்கிக் கொடுப்பதுபோல அந்தப் பேரை என்னிடம் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சுருக்கிப்புடாதீங்க. முழுசா கூப்பிடுங்க." நான் உன் தலைமேல் கை வைத்துச் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா பக்கத்து ஆட்கள் ஆளுக்கு ஒரு பேரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி சொன்ன பேர் என்றால் எடுபடுமா. உன் அப்பா அப்போது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை, லீவு நாளில் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டைத் தடவிப் பார்ப்பது பொழுதுபோக்கு. அவரைத் தனியே கூப்பிட்டு, "என்னங்க, அன்னைக்கு ஒரு கல்வெட்டுல புன்னைமலர்னு ஒரு பேரு பார்த்தேன், நல்லாருக்குன்னு சொன்னீங்களே, அதையே வச்சிரலாமா" என்றேன். அவர் சுபாவம் உனக்குத் தெரியும். நல்ல வார்த்தை எதையும் தாம் சொன்னதாகச் சொன்னால் மறுக்கவே மாட்டார். இரண்டு நிமிஷம் முகட்டைப் பார்த்தார். "ஆமா, சொன்னேன்" என்றார். தீர்ந்தது. அன்றைக்கு வெறும் பேராக இருந்தவள் ஒரு வருஷத்தில் கோயிலுக்கு விளக்கு எரிக்கப் பத்து ஆடு கொடுத்த சீமாட்டி ஆனாள், நீ பள்ளிக்கூடம் போவதற்குள் ராஜகுமாரி ஆனாள், ஆடும் வருஷா வருஷம் குட்டி போட்டு இப்போது தொண்ணூற்றாறில் நிற்கிறது. நீ எட்டு வயதில் என்னிடம் கேட்டாயே, எல்லா அம்மாவும் பிள்ளைகளை அம்மு, பாப்பு என்கிறார்கள், நீ மட்டும் என்னை ரயில் மாதிரி நீளமாகக் கூப்பிடுகிறாயே என்று. உன் அப்பா மலர் என்று சுருக்கினால்கூட நான் கத்துவேன். காரணம் இதுதான்.

ஊருக்குள் இந்தப் பேர் பரவியதற்கு நீதான் காரணம், அதில் கல்வெட்டுக்குப் பங்கில்லை. நீ பன்னிரண்டாவதில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து, பஸ் நிற்கிற இடத்தில் உன் படத்தைப் பெரிதாக வைத்தார்களே, அந்த வருஷமே மூன்று பெண் குழந்தைகளுக்கு உன் பேர். பேரை வைத்தால் மார்க்கும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம். வந்த மாதிரி தெரியவில்லை, மூத்தவள் கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வருகிறாள். உன்னை விட்டுவிட்டு நம் ஊரில் ஆறு, பக்கத்து ஊர் பூவத்தில் ஒன்று. பால்வாடி டீச்சர் தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஒருத்திக்கென்று கொடுத்த பேரை ஊர்ப்பொதுவாக்கிவிட்டோமே என்று.

போன வெள்ளிக்கிழமை செம்பியன் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். அவன் பெண்டாட்டி அறிவுமதிக்குப் போலகம்தானே. இரண்டு வேன் நிறைய அவள் ஊர்க்காரர்கள் வந்தார்கள். குழந்தைக்கும் உன் பேர்தான், ஊரில் இதோடு ஏழு. உன் அப்பா வெள்ளை வேட்டியோடு எழுந்து ராஜகுமாரியையும் தொண்ணூற்றாறு ஆட்டையும் பந்தலில் ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் பார்த்தேன், முன்வரிசையில் திரிபுரசுந்தரி. தலை முழுக்க வெள்ளை, ஆனால் அதே கண். அந்தம்மா கன்னத்தில் கை வைத்து முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தக் கல்வெட்டு எந்த ஊர்லங்க இருக்கு" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள். உன் அப்பா கொஞ்சமும் அசராமல், "அது இப்ப தேஞ்சு போச்சும்மா" என்றார். அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். காட்டிக் கொடுக்கவில்லை, பெரிய மனசு.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் என் கையைப் பிடித்தார்கள். "சன்னல் ஓரத்துக் கட்டிலு நீங்கதானே" என்றார்கள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு நடை போய்ப் பார்க்காத என்னை நான் என்ன சொல்ல. போய்ச் சொன்னால் கல்வெட்டு உடைந்துவிடுமே என்ற பயந்தான். நாலு பையன்களும் நாலு திக்கில் இருக்கிறார்களாம், நல்ல பிள்ளைகளாம், பேத்தி மட்டும் இன்னும் ஒன்றும் இல்லையாம், ஐந்தும் பேரன்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். உன் கதை எல்லாம் கேட்டார்கள். பிரான்சில் ஆராய்ச்சி வேலை என்றதும் தங்கள் பிள்ளையைச் சொன்ன மாதிரி நிமிர்ந்தார்கள். பிறகு, "சுருக்கலியேங்க" என்றார்கள். உன் செய்தி இருந்த போன் என் கையிலேயே இருந்தது. நான், பாயசம் வாங்கினீர்களா என்று கேட்டு நழுவினேன். என் வாழ்நாளில் இவ்வளவு மட்டமாக ஒரு பேச்சை மாற்றியதில்லை.

கிளம்பும்போது அந்தம்மா பந்தல் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு தடவ வாய் நெறைய கூப்பிட்டுப் பார்த்துக்கறேனே, நான் இதுவரைக்கும் கூப்பிட்டதே இல்ல" என்றார்கள். தெருவைப் பார்த்து, புன்னைமலரூ என்று இழுத்துக் கூப்பிட்டார்கள். வயது எழுபதை நெருங்குகிறது, குரல் வாய்க்கால் அக்கரை வரை போயிற்று. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஐந்து பேர் சட்டென்று திரும்பினார்கள். ஆறாவது அம்மை போட்டு வீட்டில் படுத்திருக்கிறாள், இல்லையென்றால் அவளும் திரும்பியிருப்பாள். உள்ளே தொட்டிலில் இருந்ததுகூட அந்தச் சத்தத்துக்கு அழுதது. என்னமோ ஏதோ என்று ஐந்தும் ஓடி வந்து சுற்றி நின்றதுகள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர், சிரிப்பு நிற்கவில்லை. தாம்பூலப் பையில் இருந்த வாழைப்பழத்தைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு என்னிடம், "ஒருத்தி திரும்பணும்னு வச்சேன், அஞ்சு பேரு திரும்புதுங்க, பரவால்ல. அந்த ஒருத்தியத்தான் காணும்" என்றார்கள். வேன்காரன் ஹாரன் அடித்தான், ஏறிப் போய்விட்டார்கள்.

இதை எழுதி உன் கையைக் கட்டிப்போடப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. வேலை செய்கிறவள் நீ, அந்த ஊரில் பேரைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறவளும் நீ. மிலா என்று எழுதினாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இரண்டு நாள் அழுவேன், அது வேறு, அதற்கு நீ பொறுப்பில்லை. ஒன்று மட்டும் செய். திரிபுரசுந்தரி அம்மாவின் போன் நம்பரை அறிவுமதியிடம் வாங்கித் தனிச் சீட்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. நம் ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தம்மா சும்மாதான் இருப்பார்கள். யார் என்று சொல். அவர்கள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ, என்னம்மா என்று கேள். அதற்குப் பிறகு பேனாவை எடு. எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

மற்றபடி மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அதற்கும் உன் பேரை வைக்கலாம் என்று செம்பியன் சொன்னான், விளக்குமாற்றைக் காட்டினேன். சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டும். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. எல்லாச் செல்வமும் பெற்று, நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் முடித்து நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அம்மா மனசார வாழ்த்துகிறேன். அப்பாவிடம் இதில் ஒரு எழுத்துகூடப் பேசாதே. போனில் அவர் ராஜகுமாரியை எடுத்தால் ஆடு எத்தனை என்று மட்டும் கேள், நூறு ஆகிவிட்டதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

உன் பேரை இன்று வரை சுருக்காத,
அம்மா
இ. அஞ்சுகம்