நீ உடைக்காத பெட்டி

கியர் எண்ணெய் வாடை மூன்று நாளாகக் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டாயிற்று, சீயக்காய் போட்டாயிற்று. சோறு பிசையும்போதும் அதே வாடை. நம் ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றினேன். அதான்டா, உன் பெயரைக் கெடுத்த அந்தப் பெட்டி.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. குகட்பள்ளியில் உங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியைக் காட்டி உன் மனைவிதான், "ஓட வச்சிருங்கண்ணா, இப்படிப் பாக்க முடியல" என்றாள். வேறொரு பெட்டியைத் தேடிப் பிடித்து, வண்டியை லாலாகுடாவுக்கு என் வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

விகாராபாத் பக்கம் அந்தப் பாறை ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா? நாலு சக்கரமும் இழுக்கட்டும் என்று நீ லீவரைத் தள்ளினாய். பாதி ஏற்றத்தில் அடியில் மடார் என்று ஒரு சத்தம். எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருகிற பெட்டி, பல் தெறித்துப் பிளந்துவிட்டது. நான் சும்மா இருந்தேனா? கூட வந்த பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "லீவர் போடத் தெரியாதவனுக்கெல்லாம் ஜீப் கைக்குடா, எதுக்குடா?"

நீ எதிர்த்துக்கூடப் பேசவில்லை. "ஹவ் டா, ஆமாம், என் தப்புதான்" என்றாய். அதற்கப்புறம் யார் ஓட்டச் சொன்னாலும், "நக்கோ, வேண்டாம், எனக்கு வராது" என்று சிரிப்பாய். ரயில்வே பட்டறையில் கிரேன் ஓட்டிய கை அது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மண்டையில் களிமண்தான் இருந்தது போல!

நேற்று வேறு பெட்டியை ஏற்றப்போகுமுன், இரண்டு அச்சும் ஒரே கணக்கில்தான் சுற்றுகின்றனவா என்று ஒரு சந்தேகம். நடுவில் பெட்டி இல்லாததால் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாகச் சுற்றும். இரண்டிலும் பெட்டியோடு சேரும் தண்டின் முனையில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்று வருமளவுக்கு வண்டியைத் தள்ளினேன். முன்முனை ஐந்து சுற்றுக்கு மேல் போனது. பின்முனை நாலரைகூட வரவில்லை. மறுபடி தள்ளினேன். அதே கணக்கு.

அந்தப் பயணத்துக்கு முன்னால் பழைய பின் அச்சை மாற்றி இதை மாட்டியது யார்? நான். காயலான் கடையில் கண்ணால் பார்த்தே எடுத்தேன். உள்ளிருக்கும் கியர் பல்லை எண்ணிவிடலாம் என்று நீ சொன்னாய். "ரெண்டும் ஒண்ணுதான்டா, நேரத்தக் கெடுக்காத" என்றேன். முன்னும் பின்னும் வேறு வேறு கணக்கில் சுற்றினால், லீவரைத் தள்ளியதும் நடுவிலிருக்கும் பெட்டியை இரண்டும் பிய்த்துத்தானே எடுக்கும்? நீ இல்லை, வேறு எவன் தள்ளியிருந்தாலும் உடைந்திருக்கும்.

அதிலிருந்து உட்கார முடியவில்லை. ஸ்பானரை எடுக்கிறேன், வைக்கிறேன். தெருமுனை வரை போகிறேன், திரும்பி வருகிறேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். சீ என்றாகிவிட்டது.

இன்று காலை குகட்பள்ளிக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னேன். "அன்னிக்கு ஜீப்ப உடைச்சது அவன் இல்லம்மா. நான். தப்பான அச்ச மாட்டிட்டு அவனத் திட்டினேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அவரு சரியாத்தான் ஓட்டினாராண்ணா?"

"ஹவ் மா. சரியாத்தான் ஓட்டினான்."

"கடைசி வரைக்கும் தன் கையத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்தாரு" என்றாள்.

பின் அச்சை மாற்றாமல் பெட்டியை ஏற்றமாட்டேன். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் உன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினேனே, அப்போது எனக்கு இது தெரியாமல் போயிற்றே. நீ சரியாகத்தான் ஓட்டினாய்டா. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறேன்.