புது முகவரியிலிருந்து வந்த உன் மெயில்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, ஆனால் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் சிநேகிதி நேற்று க்ளினிக் போனில் கூப்பிட்டாள். நீ அவள் வீட்டில் இருக்கிறாய், காயம் ஒன்றும் இல்லை என்றாள். "அவ இப்ப உங்ககிட்ட பேச மாட்டேங்கிறாம்மா. மெயில் மட்டும் போட்டுடாதீங்க, ரெண்டு மெயிலும் இப்ப அவ வீட்டுக்காரர் கையிலதான் இருக்கு. எழுதறதா இருந்தா தபால்ல எழுதுங்க" என்று அவள் வீட்டு முகவரியைச் சொன்னாள். அதை எழுதிக்கொள்ளும்போது எதிரே மூன்று பேர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நான் அழுததை அவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது, அது ஒன்றுதான் நிம்மதி.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் முன்பு பெரிய டாக்டரம்மா பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது, நோயாளிகளின் போன் நம்பர் பட்டியல் அவசரமாக வேண்டும் என்று. பெயரைப் பார்த்தேன், அனுப்பிவிட்டேன். பிறகுதான் அது வேறு யாரோ என்று தெரிந்தது. உங்கள் கண் பார்வை போகப்போகிறது, உடனே இன்ன ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அந்த நம்பருக்கெல்லாம் போன் போயிருக்கிறது. ஒரு பெரியவர் என் வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்று அழுதார். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் "படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார். நம் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் இருக்கிற முகவரியைப் பாருங்கள், நம்புகிற முகவரிகளைப் பட்டியலில் சேருங்கள், மற்றதெல்லாம் ஸ்பாமுக்குப் போகட்டும் என்றார். சந்தேகம் வந்தால் பழைய முகவரிக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். "புது முகவரி, அவசரம், யார்கிட்டயும் சொல்லாதே. இந்த மூணும் சேர்ந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டுத் திருட்டுன்னு வெச்சுக்கங்க" என்றார். நான் அதை நோட்டில் எழுதி வைத்து, வீட்டு மெயிலிலும் அப்படியே செய்தேன். நம்பும் பட்டியலில் ஆறே முகவரி, முதலில் உன்னுடையது. அப்பா எனக்குச் சோதனைச்சாவடி என்று பெயர் வைத்தார். உன் சித்தி அனுப்பிய படமெல்லாம் ஸ்பாமில் கிடந்ததற்கு அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில்கூட ஒரு பெருமை இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஸ்பாமைக் காலி செய்யப் போனபோது உன் பெயரைப் பார்த்தேன். "ம்மா, இது என் புது முகவரி, பழசை அவர் படிக்கிறார், அதுல எதுவும் எழுதாதே. நான் அங்க வந்துடலாமா, சீக்கிரம் சொல்லு, அப்பாவுக்கு பிரஷர் ஏறும், இப்ப சொல்லாதே" என்று நீ எழுதியிருந்தாய். புது முகவரி, அவசரம், யாரிடமும் சொல்லாதே. எண்ணிப் பார்த்தேன், மூன்றும் இருந்தது. உடனே அந்த மெயிலை அப்படியே உன் பழைய முகவரிக்கு அனுப்பி, உன் பெயரில் யாரோ இப்படி எழுதுகிறார்கள், ஜாக்கிரதை என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அன்புள்ள அம்மா, அது நான் இல்லை, நல்ல வேளை கேட்டீர்கள், அழித்துவிடுங்கள்" என்று. நீ எனக்குப் பதில் போட இரண்டு நாள் எடுப்பாய். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் என்னை அன்புள்ள அம்மா என்றதில்லை, நீங்கள் என்றதில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அழித்தேன். மறுநாள் க்ளினிக்கில், நான் ஏமாறவில்லை பார்த்தீர்களா என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் எழுதிய அந்தத் திங்கட்கிழமை மாலையே உன் வீட்டுக்காரர் உன் போனைப் பிடுங்கிக் கதவைப் பூட்டியதாகவும், ஒன்பது நாள் கழித்துத்தான் கட்டிய துணியோடு நீ வெளியே வந்ததாகவும் உன் சிநேகிதி சொன்னாள். நீ அவருக்குத் தெரியாமல் வைத்திருந்ததை நான்தான் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீ வேண்டாம் என்றாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அழித்த மெயிலைத் தேடி எடுத்து அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "மீனை விசாரிச்சிருக்காளேடி, இதைப் பாக்கலையா நீ?" என்றார். ஆமாம், "கண் ஆஸ்பத்திரி ஒத்தைக்கண் மீன் இன்னும் உயிரோட இருக்கா" என்று கேட்டிருந்தாய். எங்கள் க்ளினிக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் அந்த மீனைப் பார்த்து இங்கே யாருக்கும் வைத்தியம் தெரியலையா என்று வரவேற்பறையே சிரிக்கக் கேட்டவள் நீ ஒருத்திதான். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தவள் அந்த வரி வரைக்கும் படிக்கவே இல்லை. அப்பா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய், கல்யாணத்தன்று நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போன வாசல் சாவியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். பூட்டில் நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இந்த உறையில் அது இருக்கிறது. மீனும் இருக்கிறது, இப்போது அடியிலேயே கிடக்கிறது, தீனி போட்டால் மட்டும் மேலே வருகிறது.

நீ என்னோடு பேச வேண்டாம். பேசத் தோன்றும்போது பேசு, தோன்றாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் விட்டுவந்த எதையும் எடுக்கத் தனியாகப் போகாதே, அப்பாவை வரச் சொல், அவர் பையை எடுத்து வைத்துவிட்டார். வேளைக்குச் சாப்பிடு. உன் சிநேகிதி நன்றாக இருக்கட்டும், அவள் கதவைத் திறந்த மாதிரி அவளுக்கும் எல்லாக் கதவும் திறக்கட்டும். உனக்கு ஒரு கெடுதலும் இனி வராமல் இருக்கட்டும், வருவதாக இருந்தால் அது என்னைத் தாண்டி வரட்டும். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வந்துடலாமா என்று கேட்டிருந்தாய். வா.

உன் மெயிலைப் படிக்காத
அம்மா