மைதானத்துக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

இராஜபாளையம்,
சித்திரை மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் விமலுக்கு அம்மா எழுதுவது. கத்தாரில் உன்னை ஆண்டாள் தாயார் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று தொடங்குவதுதான் முறை, நானும் அப்படியே தொடங்குகிறேன், ஆனால் கடைசி வரை படித்துவிட்டு அதை நம்பு. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன் வந்தால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், உன் தங்கச்சி பாண்டிசெல்வி அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டு அத்தனையும் கேட்கிறாள். அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கும் தளவாய்புரத்து ஜெபக்குமார் லீவு முடிந்து திரும்புகிறான் என்றதும் எழுத உட்கார்ந்தேன். பால்கோவாவும் காரச்சேவும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். கவரை எல்லாப் பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரித்த மாதிரி தெரிந்தால் எனக்குச் சொல். நல்ல பையன்தான், இருந்தாலும்.

பாண்டிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் கபடி ஆடும்போது மயங்கி விழுந்தாள் என்று உனக்குச் சொன்னோமே, அது உன்னிடம் சொன்ன அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை. முன்னெல்லாம் சாயங்காலம்தான் ஆட்டம் வைப்பார்கள். இப்போது சாயங்காலமானால் எங்கிருந்தோ காற்றும் இடியும் கிளம்பி வந்துவிடுகிறது, போன வருஷம் பந்தலையே தூக்கிக்கொண்டு போனது, அதனால் ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் மட்டும் என்ன வாழுகிறது, பங்குனி பிறக்கும் முன்பே அக்கினி நட்சத்திரம் போலக் கொளுத்துகிறது. வெயிலையும் நம்ப முடியவில்லை, மழையையும் நம்ப முடியவில்லை. அந்த உச்சி வெயிலில் பாடிக்கொண்டு போனவள் கோட்டைத் தொடாமலே சரிந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, உடம்பில் தண்ணீரே இல்லை, சூடு தலைக்கு ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிட்னியோ உயிரோ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். 

அவர்களுடைய கபடி மாஸ்டர் சமுத்திரம், அக்கா, புள்ள காலைல சாப்புடாம வந்திருக்கு என்றார். என் கண்ணெதிரே இட்லி தின்றுவிட்டுப் போனவளை அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ மறைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் பையைக் குடைந்தேன். நான் காலையில் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அப்படியானால் வேறு எதைக் குடித்தாள்? தெம்புக்கு என்று ஏதாவது பவுடர் கரைத்துக் கொடுக்கிறார்களா? இல்லை, எவனையாவது மனதில் வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கிறாளா? அவள் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை, அதற்கும் சந்தேகப்பட்டேன். உங்கப்பா எதையும் விசாரிக்கவில்லை. ஏட்டி, ஆடுனது போதும், இந்த வெயில்ல பொம்பளப் புள்ளைக்கு என்ன கபடி, ஒரு மாப்பிள்ளையப் பார்ப்போம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீயும் போனில் அவருக்கே தாளம் போட்டாய். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததால், கூட ஆடும் சத்யப்பிரியாவை அவள் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து மடக்கினேன்.  அழுதுகொண்டே சொன்னது. அத்தை, நாங்க யாருமே வீட்ட விட்டுக் கிளம்புனா பொறவு தண்ணி குடிக்க மாட்டோம், அங்க இருக்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பாளே கெடையாது, பக்கத்துலயே பயலுக போனை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பானுக என்று. விமல், நான் நினைத்ததெல்லாம் தப்பு. பவுடரும் இல்லை, எவனும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு தாகத்தோடு ஆடியிருக்கிறார்கள். மதுரைக்குப் பஸ் ஏறினால் நானும் இப்படித்தான், உன் அத்தையும் அப்படித்தான், பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மார்கழியிலும் தையிலும் அப்படி ஆடித் தப்பித்திருப்பார்கள். இப்போது அடிக்கிற வெயில் விடுமா?

மாஸ்டரிடம் போனேன். எனக்குத் தெரியவே தெரியாதுக்கா, ஆட்டத்துக்கு நடுவுல தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு கத்தத்தான் செய்யுதேன் என்றார். குடிக்கச் சொல்லுதீகளே, குடிச்ச தண்ணி பொறவு எங்க போகும்னு ரோசிச்சீகளா என்று கேட்டேன்.  அவருக்குத் தெரியாது என்பதைப் பாதி நம்புகிறேன், மீதியைப் போகப் போகப் பார்க்கலாம். நேற்று மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம், அதே மைதானத்தில். நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே போய், வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள், இடி கேட்டால் நிறுத்துங்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்றார்கள். இம்புட்டுச் சீக்கிரம் சரி சொன்னால் நம்ப முடியுமா? ஆட்டத்துக்கு முந்தின நாளே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் உன் மாமா பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். நினைத்தது சரி, தாழ்ப்பாளைக் காணோம். மாமாதான் கையோடு கொண்டுபோனதைப் பொருத்தினார். நான் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, வெளியிலிருந்து தோளால் முட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினோம்.

உங்கப்பாவிடம், இன்னொரு தடவை ஆடட்டும், பொறவு உங்க தீர்ப்பச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுத்தான் அவளை அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அங்கே போய் ஒரு நாற்காலியை அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார வந்த பயல்களை ஒரு பார்வை பார்த்தேன், எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள், பிறகு ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள், வேறு ஊர் அணிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இடைவேளையில் பாண்டிசெல்வி வந்தாள். என் முன்னாலேயே நின்று தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கியது. போய் ஆட்டத்தப் பாரும்மா என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான். நான் எழுந்திருக்கவில்லை. விசில் கேட்டது, கூட்டம் கத்தியது, என் மகள் ஆடியதில் ஒரு துளிகூட நான் பார்க்கவில்லை, ஜனங்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை எடுத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் சொன்னார். சத்யப்பிரியாவிடமும் கேட்டேன், சோடா விற்கிறவரிடமும் கேட்டேன், எல்லோரும் அதையே சொன்னதால் நம்புகிறேன்.

உங்கப்பா இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வாரம் நீ போன் பண்ணும்போது, செல்வி ஆடட்டும்ப்பா என்று நீயாகச் சொல்வது போலச் சொல்லிவிடு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அடுத்த ஆட்டம் தஞ்சாவூரில், அங்கே கதவு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, நாற்காலி கிடைக்கிறதோ இல்லையோ நானும் போகிறேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேலுத்தாய்