கூடைமேல் காய்ந்த சட்டை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
டிசம்பர், 1931

என் பிரியமுள்ளவளுக்கு,

கிள்ளானில் உன் அம்மா வீட்டிலும் இதே மழைதானா? இங்கே வெயிலை நம்பி ஒரு துணியைக் கொடியில் போட முடியவில்லை. பளிச்சென்று இருக்கும் வானம், நான் சோறு வடிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

அதனால் உன் அம்மா செய்வதைப்போலத் தணலில் சாம்பிராணி போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, என் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகளை அதன்மேல் உலர்த்திப் பழகுகிறேன். முதலில் இரண்டு கருகிவிட்டன. இப்போது கை பழகிவிட்டது. போன டிசம்பரில் இந்த வீட்டில் குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. அதற்குமேல் எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைச் சட்டையும் ஈரம். அதையும் அந்தக் கூடைமேலேயே உலர்த்திப் போட்டுக்கொண்டு செந்தூல் ரயில் பட்டறைக்குப் போனேன். பக்கத்தில் வேலை செய்யும் கொர்னேலியஸ் மூக்கை உறிஞ்சினான்.

"என்னண்ணே, பச்சப்புள்ள இருக்கிற வீட்டு வாசம் அடிக்குது?"

இந்தமுறை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். போனமுறை துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னவள் நீ. கோயிலுக்குப் போய் வந்தேன் என்று நான் சமாளித்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"இன்னும் இல்லப்பா. தை மாசம் வருது," என்றேன்.

அவன் மறுநாள் ஒரு சாக்கு நிறைய அடுப்புக்கரி கொண்டுவந்து வைத்தான். "மழை இப்போதைக்கு விடாதுண்ணே. வச்சுக்குங்க."

என்மேல் கோபப்படு. குழந்தையோடு வந்து கோபப்படு. மழை நிற்கட்டும் என்று அங்கே காத்திருக்காதே. இந்த வீட்டில் இப்போது துணி காய்கிறது.

உன் பேச்சை மீறிய
உன் வீட்டுக்காரன்