சீப்பு வைக்காத தலை

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆடி மாதக் கோயில் கூட்டத்தில் திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் நசுங்கி வேலப்பன்சாவடி வந்து கடை திறந்தேன். இருமல் சிரப் தீர்ந்துவிட்டது, ஆர்டர் போட வேண்டும். என் பிரஷர் மாத்திரையும். மெடிக்கல் ஷாப்பில் வேலை, ஆனால் என் மாத்திரை எனக்கு ஞாபகம் இருக்காது.

பக்கத்துக் கடை ஷட்டர் எப்போதும் மூடித்தான் இருக்கும். அதன் படியில் வழக்கம்போல் சடையம்மா. பேர் ஊர் வைத்தது. சொந்தப் பேர் கேட்டால் "குமாரு அம்மா" என்பாள், அதோடு சரி. எல்லாரும் கிழவி என்கிறார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்திருந்தால் அதிகம்.

மத்தியானம் கூட்டமில்லை. ஒரு பேன் சீப்பை எடுத்து நீட்டினேன். தலையில் அப்படி ஒரு சிக்கு. வாங்கவில்லை.

"சீப்பு வெக்கக் கூடாதும்மா. ஆத்தாவுக்கு வேண்டிகினு கீறேன். எம் மவன் ஊட்டுக்கு வந்தா வேற்காட்ல முடி எறக்கறேன்னு. அதுவரிக்கும் தொட மாட்டேன்."

"ஊடு எங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் இருக்கிறதே.

கூவம் ஓரத்தில் இருந்ததாம். இடித்துவிட்டார்களாம். "ஊருக்கு அந்தக் கோடில, மாடில ஒரு ரூமு குடுத்தாங்க. அங்க போய்ட்டா அவன் எங்க வந்து தேடுவான்? அவனுக்கு இந்த ரோடுதான தெரியும்."

சென்ட்ரிங் வேலைக்கென்று போனவன் குமார். எத்தனை வருஷம் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இடது புருவத்தில் தழும்பு, சின்ன வயதில் இரும்பு கேட்டில் முட்டிக்கொண்டது. கடைக்கு அப்படி யாராவது வந்தால் நான் ஒரு குரல் கொடுக்க வேண்டுமாம். சரி என்றேன். சரி என்று சொல்ல என்ன செலவு.

ஜூலை 24, வியாழன்

மாலை தூறல். மண் வாசனை இல்லை, சாக்கடை வாசனை.

முதலாளிக்குச் சடையம்மாவைக் கண்டால் ஆகாது. கஸ்டமர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களாம். இன்று முகமெல்லாம் சிரிப்பு. "சர்வீஸ் பண்ற பசங்க ஒரு டீம் இருக்காங்க. சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து குளிப்பாட்டி, முடியெல்லாம் எடுத்து, கிளீன் பண்ணிடுவாங்க."

நல்லதுதான், கழுத்தில் புண் வேறு இருக்கிறது என்று நினைத்தேன். முடி மட்டும் வேண்டுதல் முடி, அதைத் தொட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். பிறகு மறந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

நேற்று சர்ச், துணி துவைத்தது, தூக்கம். அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் அண்ணி முகம் ஒரு மாதிரி ஆகிறது. ஆகட்டும்.

இன்று கடைப் படியேறும்போது வழியில் மொட்டைத் தலையோடு ஒருத்தி. புது நைட்டி. "வழில உக்காராதம்மா, தள்ளு" என்றேன். எதிரே டீக்கடை மணியும் "புதுசா எதோ ஒண்ணு வந்து குந்திகீதுக்கா" என்றான்.

"நாந்தாம்மா."

அந்தக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணி போனில் ஒரு வீடியோ காட்டினாள். "பாருங்க, உங்க கடை பக்கத்துலதான். அழுகையே வந்திடுச்சு எனக்கு." மூன்று பையன்கள், ஒரு பெண், ஒரே நிறத்தில் டீ ஷர்ட். கெட்ட பிள்ளைகள் இல்லை. புண்ணுக்கு மருந்து போடும் கையெல்லாம் அவ்வளவு பதமாக இருந்தது. "பயப்படாதீங்க பாட்டிம்மா" என்கிறான் ஒருவன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு என்னவோ சொல்கிறாள். அந்த இடத்தில் மியூசிக் போட்டிருக்கிறார்கள், பேச்சு கேட்கவில்லை. வாயசைவு எனக்குத் தெரிந்தது. குமாரு, குமாரு.

கீழே கமெண்ட். மனிதம் சாகவில்லை. நீங்கதான் கடவுள். கும்பிடு போட்ட கைகள் வரிசையாக.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

புழுக்கம். ஃபேன் ரிப்பேர்.

காலையிலிருந்து கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு ஒரே கேள்வி. "முடி எங்கம்மா? குடு, நானே கோயில்ல போட்டுட்றேன்."

கறுப்புக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மணி பார்த்திருக்கிறான். குப்பை அள்ளும் தள்ளுவண்டி அம்மாவைக் கேட்டேன். "அது நேத்தே லாரில போயிருக்கும்மா, இனிமே எங்க போய் தேடறது" என்றாள்.

போய்விட்டது என்று சொன்னேன். நகரவில்லை. மறுபடி முடி, மறுபடி முடி. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். முதலாளி தொண்டையைச் செருமுகிறார். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, அவளை அனுப்பினால் போதும் என்று சொன்னேன்: "உங்க ஆத்தாளே எடுத்துக்கிட்டான்னு நெனச்சிக்கோம்மா. எங்க குடுத்தா இன்னா, அவளுக்குப் போய்ச் சேந்துடும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எடுத்துகினாளா?"

"ஆமாம்மா."

"அப்ப அவன் வந்துட்டானா?"

நான் டோலோ மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்ததை இன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஜூலை 31, வியாழன்

நேற்றெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கும் காலேஜ் பஸ்கள் நிற்கும் இடத்துக்குமாக நடை. இறங்குகிற பையன்கள் முகத்துக்கு நேரே போய் நிற்கிறாள். ஒருவன் பிடித்துத் தள்ளினான். ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். உட்காரவில்லை.

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா. அவன் வந்தா இங்கதான வருவான். நீ இங்கயே இரு."

"நீதான சொன்ன, ஆத்தா எடுத்துகினான்னு. காரியம் ஆவாம எடுத்துப்பாளா? அவன் வந்துட்டான். எங்கியோ எறங்கிட்டு என்ன தேடிகினு கீறான். நான் இங்க குந்திகினு இருந்தா ஆவுமா?"

இத்தனை வருஷம் அந்தப் படியை விட்டு எழாதவள். இன்று மத்தியானம் பூந்தமல்லி வேனில் ஏறினாள். நான் கவுண்டரிலிருந்து கூப்பிட்டேன். கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட். பூக்காரி சொன்னாள்: "மொட்ட தலையா? முந்தாநேத்து இருந்துச்சு. வர்றவன் போறவன் மூஞ்சியெல்லாம் பாத்துகினு. திருமழிசை பஸ்ல ஏறுச்சா, கோயம்பேடு பஸ்ல ஏறுச்சா தெரிலம்மா."

வீடியோவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினான் அந்தப் பையன். "அக்கா, நாங்க இப்ப ஆவடில ஒரு கேஸ்ல இருக்கோம். அந்த பாட்டிம்மாவ பாத்தா கண்டிப்பா சொல்றோம். போட்டோ இருந்தா அனுப்புங்க."

அவர்களிடமே இருக்கிறது, மொட்டைக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. வைத்துவிட்டேன்.

போன வாரம் ஆலயத்தில் வாய் ஓயாமல் பாட்டுப் பாடினேன். இன்று ஜெபத்தில் அவளுக்காக எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. அவன் வந்தால் அவள் இங்கே இல்லை. வராவிட்டால் அவள் நிற்கப் போவதில்லை. அவளைக் கிளப்பியது பையன்களின் முடி வெட்டும் மெஷின் இல்லை, என் வாய்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல மழை. இருமல் சிரப் வந்தது. என் மாத்திரை வரவில்லை.

ஷட்டர் படியில் பைக் நிறுத்திவிட்டார்கள். "எவ்ளோ நீட்டா இருக்கு பாத்தியா" என்றார் முதலாளி. வாட்ஸ்அப் குரூப்பில் அந்த டீமுக்கு நன்றி போட்டாராம். மணி மட்டும் பழக்கதோஷத்தில் அவளுக்கான டீயை எடுத்துக்கொண்டு பாதி ரோடு வந்து திரும்பிப் போனான்.

கடைக்கு வந்த பையன்கள் எல்லாருடைய இடது புருவத்தையும் பார்த்துக்கொண்டுதான் இன்று மருந்து கொடுத்தேன். ஒருவன் கேட்டான், "இன்னாக்கா, மூஞ்சில எதுனா ஒட்டிகீதா?"